நாக்கை நீட்டு

விரலளவுப் பொம்மைச் சிப்பாய்கள் பன்னிரண்டில் பத்துக்குத்தான் அண்ணன் செம்பு நிற மெட்டாலிக் பெயின்ட் அடித்திருந்தான். ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் பதினொன்றாவதும் பளபளத்தது. கோபம் சுர்ரென்று தலைக்கேறியது.

"என் பிரஷ்ஷத் தொட்டியாடா?"

"உன் பொம்மைய எவன் தொடுவான்? எனக்கு வேற வேலையில்ல?" என்றான் சோபாவில் கிடந்த தம்பி.

பிரஷ்ஷை நாக்கில் வைத்து நுனியைக் கூராக்காமல் இவ்வளவு சின்ன முகத்தில் யாராலும் பெயின்ட் அடிக்க முடியாது. அடித்தவனை நாக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

"புளுகாத! நாக்க நீட்டு!" வீடே அதிரக் கத்தினான்.

தம்பி நீட்டினான். சுத்தமாக இருந்தது.

ஆத்திரம் அடங்காமல் மேசைப் பக்கம் திரும்பினான். பெயின்ட் படாத பன்னிரண்டாவது சிப்பாய்க்கு, டப்பாவிலிருந்து எடுத்தபோது, வாய் மூடித்தான் இருந்தது. இப்போது அதுவும் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. நுனி செம்பாக மின்னியது.