லத்தீன் தேர்வு

“தேர்வைத் தள்ளி வைக்க முடியாது, மிஸ்டர் பெட்டிகுரூ.”

பேராசிரியர் பிராம்லெட் மூக்குக்கண்ணாடியைக் கூடக் கழற்றவில்லை.

“சார், நாளைக்கு நாங்க டவுன்ல இருக்கற அந்தக் கடைக்குப் போறோம். வெள்ளைக்காரங்க மட்டும் சாப்பிடற கவுண்டர்ல உக்காரப் போறோம். நிச்சயமா பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க.”

“போடட்டும். லத்தீன் தேர்வு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. வந்தவங்களுக்கு மதிப்பெண். வராதவங்களுக்குப் பூஜ்யம். இருபத்திரண்டு வருஷமா இதான் சட்டம்.”

ஆல்டன் பெட்டிகுரூ தொங்கிய முகத்தோடு வெளியே வந்தான். இது கடைசிப் பருவம். லத்தீனில் பூஜ்யம் வாங்கினால் மே மாதம் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் அட்லாண்டாவில் காத்திருக்கும் ஆசிரியர் வேலையும் இல்லை.

“நான்தான் சொன்னேனேடா, அந்தக் கிழவர் பயந்தாங்கொள்ளின்னு” என்றான் வெளியே காத்திருந்த வகுப்புத் தோழன் ரூஃபஸ். “அவரும் கறுப்பர்தானே, நம்மள ‘மிஸ்டர்’னு கூப்பிட்டா மட்டும் போதுமா? ஊர்ல ஒரு வெள்ளைக்காரன் முன்னாடி நின்னு ஒரு வார்த்தை பேசியிருப்பாரா?”

ஆனால் ஆல்டனுக்கு அந்த ‘மிஸ்டர்’ பிடிக்கும். ஊரில் கறுப்பர் யாராக இருந்தாலும், தொண்ணூறு வயதானாலும், வெள்ளைக்காரர்களுக்கு ‘பையன்’தான். அந்த ஒரு வகுப்பறையில் மட்டும் அவன் மிஸ்டர்.

செவ்வாய்க்கிழமை ஏழு பேர் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் கோட்டு, பளபளவென்று ஷூ, கையில் பாடப்புத்தகம். ஸ்டூலில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். காபி வரவில்லை, சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் இவர்கள் தலையில் சர்க்கரை கொட்டினார்கள். அப்புறம் போலீஸ் வந்தது.

அன்று மாலையே நீதிபதி முன் நிறுத்தினார்கள். அபராதம் கட்ட மாட்டோம் என்றார்கள் ஏழு பேரும். ஆளுக்கு முப்பது நாள் சிறை.

புதன்கிழமை ரூஃபஸின் அம்மா வறுத்த கோழியோடு வந்தாள். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பார்வையாளர் யாருக்கும் அனுமதி கிடையாதாம். கோழிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது, ஜெயிலர் மேசை வரைக்கும்.

வியாழன் காலை. ஆறு பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆல்டன் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

“மணி ஒன்பது ஆகப் போகுதுடா” என்றான்.

“விடுடா. காலி வகுப்புல நின்னு, வரிசையா ஏழு பூஜ்யம் போட்டு ரசிச்சுக்கிட்டிருப்பார்” என்றான் ரூஃபஸ்.

நடைபாதையில் சாவிக்கொத்துச் சத்தம். பாட்டு நின்றது.

ஜெயிலருக்குப் பின்னால் பிராம்லெட் நின்றார்.

அதே சாம்பல் நிறக் கோட்டு. கழுத்தில் டை மட்டும் இல்லை. டை இல்லாத பிராம்லெட்டைக் கல்லூரியில் ஒருவரும் பார்த்ததில்லை.

ரூஃபஸ் ஆல்டனின் விலாவில் இடித்தான். “எங்க அம்மாவுக்குத் திறக்காத கதவு இவருக்குத் திறக்குது பாரு. நான் சொல்லல? அவங்க ஆளுடா!”

“உள்ளே போ, பையா” என்றார் ஜெயிலர், அறுபது வயதுக்காரரைப் பார்த்து.

பிராம்லெட் உள்ளே வந்தார். கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். பெஞ்சுகளை ஒரு நோட்டம் விட்டார்.

“தள்ளித் தள்ளி உக்காருங்க. மிஸ்டர் கேட்ஸ், உங்களைத்தான். போன தடவை நீங்க பக்கத்து ஆள் தாளையே பார்த்துக்கிட்டிருந்தீங்க.”

ரூஃபஸ் வாயைத் திறந்தபடியே தள்ளி உட்கார்ந்தான்.

“மிஸ்டர் பெட்டிகுரூ?”

“வந்திருக்கேன் சார்!” ஆல்டன் எழுந்து நின்றான்.

ஏழு பெயரையும் கூப்பிட்டு முடித்தார். “கேள்வித்தாளை வாசல்ல வாங்கி வச்சுக்கிட்டாங்க. பரவாயில்லை, எனக்கு மனப்பாடம். வாயால கேக்கறேன், வாயால சொல்லுங்க. திருத்தற வேலை மிச்சம்.”

“சார்...” ஆல்டன் தயங்கினான். “யாரையும் பார்க்க விடமாட்டாங்களே. உங்களை எப்படி விட்டாங்க? எவ்வளவு நேரம் கொடுத்திருக்காங்க?”

பிராம்லெட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த சர்க்கரையை நகத்தால் சுரண்டிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“தேர்வுக்கு ரெண்டு மணி நேரம். எனக்கு முப்பது நாள், மிஸ்டர் பெட்டிகுரூ. நேத்து அதே கடையில போய் ஒரு காபி கேட்டேன். சரி, முதல் கேள்வி.”