பெட்டி நிரம்பிவிட்டது

"மூணு தடவை அனுப்பிட்டேன்மா, மூணு தடவையும் திரும்பி வந்துடுச்சு. உங்க மெயில் பெட்டி ரொம்பிக் கிடக்கு. கொஞ்சம் காலி பண்ணி வைங்க, மூணு மணிக்கு மறுபடி அனுப்புறேன்" என்றார் போலீஸ் அலுவலகத்திலிருந்து பேசியவர்.

முடிவு என்னவென்று போனில் சொல்லக் கூடாதாம்.

ஜிபார் சமையலறை மேஜையில் மகளின் பழைய மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டாள். மகள் தலைநகர் பிஷ்கெக்கில் படிக்கிறாள். அவர்கள் ஊரான கரகோலில் அன்று விடியற்காலையிலிருந்து பனி கொட்டியதால், ஜிபார் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கு விடுமுறை.

முதலில் விளம்பரங்களை அழித்தாள். செருப்புக்கடை, மருந்துக்கடை, என்றோ முடிந்துபோன ஆசிரியர் பயிற்சிக்கான அழைப்புகள். இரண்டாயிரத்துக்கு மேல் போயும் பெட்டி நிரம்பியதைக் காட்டும் சிவப்புக் கோடு அசையவில்லை.

எவை அதிக இடத்தை அடைக்கின்றனவோ அவை முதலில் வரும்படி வரிசையை மாற்றினாள்.

திரை முழுக்க ஒரே பெயர். குபாத்.

அவள் கணவன். வெளிநாட்டில் யெகாத்தரின்பர்க் நகருக்குக் கட்டட வேலைக்குப் போனவன். நாலு வருஷம் வாரம் தவறாமல் எழுதினான். ஒரு மார்ச் மாதத்தோடு அது நின்றது. ஒன்பது வருஷமாகிறது.

படங்களைச் சுருக்கி அனுப்ப அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கதவைத் தட்டாமலேயே ரோசா உள்ளே வந்தாள். குபாத்தின் அக்கா, அடுத்த தெரு. ஜிபார்தான் போன் செய்து செய்தியைச் சொல்லியிருந்தாள். ரோசா சால்வையில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஜிபார் அவள் முன்னால் ஒரு கிண்ணத்தில் கொஞ்சமாகத் தேநீர் ஊற்றி வைத்தாள்.

"இந்தப் பனியில உனக்கு என்னடி அவசரம்? தபால்ல அனுப்பச் சொல்லேன்."

"கோர்ட்ல வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணும் அக்கா."

ரோசா உதட்டைப் பிதுக்கினாள். வழக்குப் போட்ட நாளிலிருந்தே அவளுக்குப் பிடிக்கவில்லை. 'என் தம்பியை நீயே சாகடிக்காதே' என்று தெரு கேட்கச் சத்தம் போட்டவள் அவள்.

ஜிபாருக்கு வேண்டியது ஒரு காகிதம்தான். இனி தேட வழியில்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்தால், அவன் இறந்தவன் என்று நீதிமன்றம் அறிவிக்கும். அதன்பிறகு அவளை விதவை என்று கூப்பிடலாம். இப்போது அவளை என்னவென்று கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனாலும் அவள், இறந்தவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி, வியாழக்கிழமைதோறும் எண்ணெய் காயவைத்து, ஏழு ரொட்டி சுட்டு, அவன் பெயரைச் சொல்லி ஓதிக்கொண்டுதான் இருந்தாள். ரோசா அந்த ரொட்டியை ஒருநாளும் தொட்டதில்லை. தம்பி போய்விட்டான் என்று நம்ப மனம் வரவில்லை, பாவம் என்று ஜிபார் நினைத்துக்கொள்வாள்.

ஜிபார் குபாத்தின் கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள், பார்த்தாள், அழித்தாள்.

ஜன்னல் பாதிவரை ஏறிய பனி. பதினோரு பேர் தூங்கும் அறை. ஒரு பானை சூப்பும் அதைச் சுற்றிக் கைகளும்.

ஒரு வீடியோவில் நாலு நிமிஷமும் வெறும் கூரைதான். 'பதிவாகுதா, இல்லையா?' என்று யாரையோ கேட்கிறான். யாரோ சிரிக்கிறார்கள்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு போல இருந்தது. தொட்டால் தொடுவது தெரிகிறது, அவ்வளவுதான்.

இருநூற்றுப் பதினான்கு கடிதங்கள். எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போயும் கோடு சிவப்பாகவே இருந்தது. குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்குமாம். நிரந்தரமாக நீக்கவா, திரும்பப் பெற முடியாது என்றது திரை.

ரோசா மேஜைக்கு மேல் எக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்டி ஜிபார். அவன் குரல் இருக்கு அதுல. பின்னாடி நினைச்சு நினைச்சு அழுவே."

ஜிபார் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அழுத்தினாள்.

கோடு பச்சையானது.

மூன்று அடித்து ஐந்து நிமிஷத்தில் கடிதம் வந்தது. ஒரே பக்கம், கோணலாக நகலெடுத்திருந்தார்கள். அடியில் நீல முத்திரை.

'தேடப்பட்ட நபர் உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது. தன் இருப்பிடத்தை மனைவிக்கோ மகளுக்கோ தெரிவிக்க அவர் சம்மதிக்கவில்லை. ஆகவே தேடுதல் இத்துடன் முடிக்கப்படுகிறது.'

ஜிபார் அதை இரண்டு முறை படித்தாள். வெளியே யாரோ வாசலில் பனியை வாரித் தள்ளும் சத்தம் கேட்டது. மூன்றாம் முறையும் படித்தாள்.

"வந்துடுச்சா?" என்றாள் ரோசா.

ஜிபார் தலையை மட்டும் அசைத்தாள்.

ரோசா சால்வை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"விலாசம் போட்டிருக்காங்களா?"

திரை ஜிபாரின் பக்கம் திரும்பியிருந்தது. அவள் இன்னும் ஒரு சொல்லும் வாய்திறந்து சொல்லியிருக்கவில்லை.

அந்த ஊரில் யாருக்கும் தேநீரைக் கிண்ணம் நிறைய ஊற்றமாட்டார்கள். எழுந்து போகச் சொல்ல வேண்டிய விருந்தாளிக்கு மட்டும்தான் அப்படி.

ஜிபார் கெண்டியை எடுத்து, ரோசாவின் முன்னால் இருந்த கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றினாள்.