வான்கோழி நிறுத்திய வரிசை

வீட்டில் ஆறு குஞ்சுகள் இருந்தால் கடைக்குட்டிக்குத் தீனி மிஞ்சுமா, நீங்களே சொல்லுங்கள்? செவலைக்கோழிக்கு அதே கவலைதான். குருணை போடும் நேரத்தில் வான்கோழிதான் அதிகாரி. தாய்களை வயதுப்படி அழகாக நிறுத்திவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். பின்னால் குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துத் தின்னும். அவளுடைய பொடிசுக்கு வெறும் தூசிதான்.

"குஞ்சுகளையும் சின்னதுலேர்ந்து நிறுத்துங்கண்ணே. மூக்குல அவ்வளவு சதை தொங்குதே, மூளையில கொஞ்சம் இருக்கக்கூடாதா?" என்றாள்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் கோழிக்குஞ்சு, வாத்துக்குஞ்சு எல்லாவற்றையும் கலந்து, உயரம் பார்த்து ஒரே வரிசையாக நிறுத்தினார். பொடிசுதான் முதல் ஆள். வயிறு முட்டத் தின்றது. தீனி முடிந்ததும் வரிசையின் முன்னாலிருந்து எண்ணி, மூத்தவளான வாத்துக்கு ஐந்து, அடுத்தவள் செவலைக்கு ஆறு என்று பிரித்துக் கொடுத்தார்.

செவலை இறக்கைக்குள் அணைத்துப் பார்த்தாள். இரண்டுக்குத் தட்டை மூக்கு. பொடிசைக் காணோம்.

"ஆறு இருக்குல்ல? அப்புறம் என்னம்மா?" என்றார் வான்கோழி.

அவள் வாய் திறக்குமுன் குளத்தங்கரையிலிருந்து வாத்து கத்தினாள்:

"அடியே செவலை, கொஞ்சம் வந்து இதுக்குப் புத்தி சொல்லேன்! என் கடைக்குட்டி தண்ணியில இறங்கவே மாட்டேங்குது!"