நெறஞ்சிருக்கு

குழந்தை மறுபடியும் வாயை எடுத்துவிட்டது.

அவள் மாற்றிப் போட்டாள். வலப்பக்கம். நாலு இழுப்பு. குழந்தை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு வீறிட்டது.

அழுகையைக்கூடத் தாங்கிவிடலாம். அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

"இருடா தங்கம், இரு. வரும்டா."

வரவில்லை.

போன மாதம் வரை இப்படியில்லை. குழந்தை சிணுங்கினாலே போதும், சட்டை நனைந்துவிடும். லிஃப்டில் வேறு யார் குழந்தையாவது அழுதால்கூட நனையும். கர்மம், எத்தனை தடவை துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள்!

இப்போது சட்டை காய்ந்து கிடக்கிறது.

சோற்றை நிறுத்தியது இந்த மாதம்தான்.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று, கணவனின் பெரியம்மா அவள் வயிற்றைப் பார்த்துக் கேட்டார்: "என்னம்மா, இன்னொண்ணு உள்ளேயே இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். தினகரும் சிரித்தான். கட்டின புருஷன். அவளும் சிரித்துவைத்தாள்.

மறுநாளே, அம்மா கொடுத்தனுப்பிய அரிசி மூட்டை வாட்ச்மேன் வீட்டுக்குப் போய்விட்டது. அரிசி டின்னில் இப்போது டயப்பர் இருக்கிறது.

தினகருக்கு ஒரே சந்தோஷம். அவன் ஆபீசில் பாதிப் பேர் பேலியோ, அரிசியே தொடாத டயட். காலையில் முட்டை. மத்தியானம் பனீர். ராத்திரி காலிஃபிளவரைத் துருவி வதக்கி, அதற்குச் சாதம் என்று பெயர்.

சாதமாம்!

அம்மா மட்டும் போனில் கத்தினாள். "பால் குடுக்குறவ சோறு திங்காம இருப்பாளாடி?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம இரும்மா."

அம்மா பேசாமல்தான் இருக்கிறாள். புள்ள நல்லாருக்கா, நீ நல்லாருக்கியா. அவ்வளவுதான். வைத்துவிடுகிறாள்.

இடுப்பு குறைந்திருக்கிறது. பழைய சுடிதார் ஏறுகிறது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். பார்க்கத்தான் யாருமில்லை.

பால் வற்றியது சோறு இல்லாததாலா? மொத்தத்திலேயே கொஞ்சமாகத் தின்பதாலா? தூக்கம் கெட்டதாலா? அவளுக்குத் தெரியவில்லை. போனில் தேடினால் ஒருத்தி குறையும் என்கிறாள், இன்னொருத்தி எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறாள். பூண்டை வதக்கித் தின்று பார்த்தாள். தண்ணீராகக் குடித்துப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, சரியாயிடும் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

பெங்களூரில் ஒன்பதாவது மாடி. எதிர் வீட்டுக் கதவு என்றைக்கும் மூடியே இருக்கிறது. அந்த வீட்டில் சோறு வடிக்கும் வாசனை மட்டும் மத்தியானத்தில் கதவிடுக்கு வழியாக வரும். இன்றும் வந்தது. அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

காலையில் தினகர் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டான். "பாப்பாக்கு பால் போதுதா?"

"நெறஞ்சிருக்கு" என்றாள்.

"சூப்பர்!"

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அவன் மேல் தப்பில்லை.

சாத்தூரில் அவள் பிறந்த வீட்டில் 'இல்லை' என்று யாரும் சொல்லமாட்டார்கள். அடுக்களையில் அந்தச் சொல் ஆகாது. எண்ணெய் தீர்ந்தால் எண்ணெய் நெறஞ்சிருக்கு. உப்பு தீர்ந்தால் உப்பு நெறஞ்சிருக்கு. அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அப்பா பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார்.

தினகர் சென்னைக்காரன். அவன் வீட்டில் தீர்ந்தால் தீர்ந்துபோச்சு என்பார்கள்.

அவனிடம் உடைத்துச் சொல்லியிருக்கலாம். பிள்ளைக்குப் பால் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? நாக்கு எழவில்லை. பழக்கமான சொல்தான் வந்தது.

இந்த வீட்டில் அதற்கு அர்த்தம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

குழந்தை அழுது அழுது தோளில் சாய்ந்துவிட்டது. விக்கல் எடுத்தது. அவன் வரும்போது பவுடர் பால் வாங்கிவரச் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்லி வாங்கச் சொல்வது? காலையில்தானே சூப்பர் என்றான்.

போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"என்னடி, இந்நேரத்துல?" அம்மாவின் குரல் விறைப்பாகத்தான் இருந்தது. பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "புள்ள எதுக்கு அழுகுது?"

"சும்மாதாம்மா."

"பால் குடிக்குதா?"

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மா... பாலு நெறஞ்சிருக்கு."

மிக்ஸி நின்றது.

"அரிசி?"

"அதுவும்."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நான் அப்பவே சொன்னேன்ல என்பாள். சொல்லட்டும். நாலு திட்டு திட்டட்டும். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அம்மா திட்டவில்லை. எதையோ இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. பரணிலிருந்து பையோ என்னவோ.

"எத்தன படி கொண்டாரட்டும்?"