சிம்சிமுக்குப் பத்து நாள் கெடு

"உங்க நாய் வாயை நீங்களே அடைக்கிறீங்களா மதாம், இல்ல நான் வீட்டுக்காரரைப் போய்ப் பார்க்கட்டுமா?"

கதவைத் திறந்ததும் வணக்கத்துக்குப் பதில் இதுதான் வந்தது. மதாம் மர்சேல் காது மெஷினைச் சரிசெய்துகொண்டு வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். கண் இரண்டும் சிவந்து, அடியில் வீங்கியிருந்தது.

"நீங்க யாரு?"

"பையூமி. பின் சந்துல இருக்கேன். நோன்பு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ராத்திரி மூணு மணிக்கு உங்க நாய் பால்கனியில நின்னு ஆரம்பிச்சிடுது. மொத்தத் தெருவும் எழுந்து உட்கார்ந்துடுது. என் பொழப்பே கெட்டுப்போச்சு. பத்து நாள் தர்றேன்."

மதாம் மர்சேல் காலடியில் நின்ற நாயைத் தூக்கி அணைத்துக்கொண்டார். கணவர் போன பிறகு அவருக்கு இருந்த ஒரே துணை சிம்சிம்தான். முழங்கால் உயரம்கூட இல்லை, குரல் மட்டும் அலெக்ஸாந்திரியா துறைமுகத்துக் கப்பல் சங்கு. ஆறு மாதம் முன்பு மீன் சந்தைக்குப் பின்னால் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோதே வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: நாயைப் பற்றி ஒரு புகார் வந்தாலும் நாய் வெளியே போக வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்கு மெஷினைக் கழற்றிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் மதாமுக்குத் தெரியாது. மதாம் தேவாலயத்துக்குப் போகிறவர், நோன்புக்காக எழுந்திருக்கும் வழக்கமும் இல்லை. அக்கம்பக்கத்தார் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போதாததற்கு, மூன்றாம் மாடி உம்மு ஹானி நேற்றுதான் படியில் நிறுத்தி, "உங்க சிம்சிம் நூறு வருஷம் நல்லா இருக்கணும் மதாம்" என்று ஒரு தட்டு கதாயிஃப் இனிப்பு கொடுத்தாள். அது குத்தல் பேச்சு என்று மதாமுக்கு இப்போதுதான் உறைத்தது. கதாயிஃபை நேற்றே சாப்பிட்டாகிவிட்டது.

மறுநாள் பிற்பகல் தொழுகை முடித்து பையூமி வந்தபோது, மதாம் அடிமட்டத்தால் மேசையை அடித்து, "வாயை மூடு" என்று கத்திக்கொண்டிருந்தார். சிம்சிம் அவரைவிடச் சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"கத்தாதீங்க மதாம். நீங்களும் கூடச் சேர்ந்து குரைக்கிறதா நினைச்சுக்கும்."

"முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சர் நான். இந்த அடிமட்டத்தால ஒரு தட்டு தட்டினா அறுபது பொண்ணுங்களும் கப்சிப்."

"அதுங்களுக்குப் பரீட்சை பயம் இருந்துச்சு. இது எந்தப் பரீட்சை எழுதப்போகுது?"

மதாமுக்குச் சிரிப்பு வந்தது. அதை அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"துறைமுகத்துல மோப்ப நாய் பழக்குறவர்கிட்ட கேட்டுட்டு வந்தேன்" என்றார் பையூமி. "முதல்ல மெதுவா ஒரு சத்தம் கொடுக்கணும். அது குரைச்சா கண்டுக்கக் கூடாது. மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தும் பாருங்க, அப்பவே வாயில ஒரு துண்டு ஈரல். மறுநாள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டணும்."

அன்றிலிருந்து தினமும் கதவைத் திறந்துவைத்து, மாடிப்படியில் பாடம் நடந்தது. பையூமி மணியை அழுத்தினார், மீன்காரனைப் போலக் கூவினார், கதவைத் தட்டினார், தகரத் தட்டைத் தட்டினார், படியில் தடதடவென்று ஓடினார். நோன்பு வைத்த மனிதர் அவித்த ஈரலைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊட்டியதைப் பார்க்க மதாமுக்கே பாவமாக இருந்தது. சிம்சிமுக்கு அந்தப் பாவமெல்லாம் இல்லை, விரலையும் சேர்த்து நக்கியது.

ஆறாம் நாள் பையூமி தொங்கிய முகத்தோடு வந்தார்.

"நேத்தும் குரைச்சுது மதாம். ஒரு வீடு பாக்கியில்லாம எழுப்பிடுச்சு."

மதாமுக்கு அழுகை முட்டியது. "இதை அனுப்பிட்டு நான் யாரோட பேசுறது, பையூமி? சுவரோடயா?"

"யாரு அனுப்பச் சொன்னா? எனக்கு இது மேல ஒரு கோபமும் இல்ல. அந்த ஒரு நேரம் மட்டும் சும்மா இருந்தாப் போதும். ஈரலைக் கொண்டாங்க, இன்னொரு தடவை பார்ப்போம்."

பத்தாம் நாள் காலையிலிருந்து மதாம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் மணி அடித்தது. சிம்சிம் எழுந்தது, கதவைப் பார்த்தது, பிறகு வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வாசலில் பையூமி, கையில் ஒரு தட்டு பஸ்பூசா இனிப்போடு, முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"நேத்து ராத்திரி மூச்சு விடல மதாம். தெருவே அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குச்சு."

மதாம் நாயைத் தூக்கி உச்சியில் முத்தமிட்டார். பத்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. தன்னால் இந்த மனிதருக்கு எத்தனை ராத்தூக்கம் போயிற்று என்று வெட்கமாகவும் இருந்தது.

"எல்லாம் உங்க பொறுமைதான். ஒருவழியா நீங்களும் நேத்து நிம்மதியாத் தூங்கியிருப்பீங்க."

"நானா?" பையூமி விழித்தார். "நான் தூங்கினா எப்படி மதாம்? நோன்பு மாசம் பூரா மேளம் தட்டி, வீடு வீடாப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, விடியுறதுக்கு முன்னாடி தெருவையே சஹர் சாப்பாட்டுக்கு எழுப்புறவன் நான். பத்தொன்பது வருஷமா ஊர் மெச்சின வேலை. இந்த வருஷம் நான் தெருமுனை திரும்புறதுக்குள்ள உங்க நாய் அதைச் செஞ்சு முடிச்சுட்டுல்ல நின்னுச்சு."