ஏகமனதாக

இரவிச்சந்திரன் தலை நிமிராமல் ஒரே மூச்சில் நகரசபைக்கான கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்த விதத்திலேயே தாட்சாயினிக்கு விளங்கிவிட்டது, தங்கள் லாசால் பகுதிப் பஸ்சுக்குச் சங்கு ஊதியாயிற்று. தமிழ் வணிகர் சங்கத் தலைவர் அவர். வாசித்து முடித்ததும் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தார்.

பஸ்சும் மெட்ரோவும் குறையாமல் ஓடக் கடைக்காரரிடம் ஒரு புது வரி. செவ்வாய்க்கிழமை நகரசபையில் வாக்கெடுப்பு. 'எங்களுக்கு வேண்டாம்' என்று வணிகர்கள் இப்படிக் கடிதம் கொடுத்தால் வரித் திட்டம் கைவிடப்படும், பின்னேர பஸ்சும் நின்றுபோகும். நின்றால் நகரத்தின் மறுகோடி மொன்ட்ரியால்-நோரிலிருந்து சமைக்க வருகிற பிலோமினம்மா வேலைக்கு வரமாட்டா. அவவின் கைப்பக்குவம் இல்லாமல் தாட்சாயினியின் சாப்பாட்டுக்கடை ஒரு மாதம் தாங்காது.

அதற்காகத்தான் கூட்டத்துக்கு முதலே ஆள் சேர்க்கக் கடை கடையாக ஏறி இறங்கினாள். "ஒண்டுக்கும் யோசியாதை தங்கச்சி, வரி வந்தாலும் பரவாயில்லை, பஸ் வேணும்" என்று பக்கத்துக் கடை ஆனந்தராசா நெஞ்சில் கைவைத்துச் சொன்னவர். அவள் போய்க் கண்ட மற்ற நாலு கடைக்காரரும் அப்படியே.

"ஆட்சேபனை இருக்கோ?" என்றார் தலைவர்.

பாருங்கோ, இந்தச் சங்கத்தில் அது வெறும் சடங்குக் கேள்வி. ஒருதரம் கேட்டு வாய் மூடமுதல் 'ஏகமனதாக' என்று எழுதிவிட்டு றோல்ஸ் பலகாரத் தட்டுக்கு எழும்பிவிடுவார்கள். பதினெட்டு வருசமாக ஒருத்தரும் மறுத்ததில்லை.

தாட்சாயினி ஆனந்தராசாவைப் பார்த்தாள். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

"ஆட்சேபனை இருக்கோ?"

"அண்ணை, சொல்லுங்கோவன்" என்று அவள் ஆனந்தராசாவிடம் கிசுகிசுத்தாள்.

"நீ தொடங்கு, நான் பின்னாலை நிக்கிறன்."

மூன்றாம் தரமும் கேள்வி வந்தது. தலைவரின் கண் இப்போது அவள் மேலேயே நின்றது. தன் கடைக்குக் குத்துவிளக்கேற்றித் திறந்து வைத்த மனிசனைச் சபையில் எதிர்ப்பதா? அவளும் தன் கோப்பையைப் பார்த்தாள்.

'ஏகமனதாக' என்று செயலாளர் எழுதினார்.

கூட்டம் முடிந்து அவள் கோட்டை மாட்டும்போது இரவிச்சந்திரன் பின்னால் வந்து நின்றார். கடை கடையாகத் திரிந்ததற்கு ஏசத்தான் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்தாள்.

"நகரத்துப் பெரிய வணிகர் சங்கத்துக்காரர் எழுதித் தந்த கடிதம் பிள்ளை. என்னாலை மாட்டன் எண்டு சொல்ல ஏலேல்லை. என்ரை கடையிலை வேலை செய்யிற ஏழு பேரும் பஸ்சிலைதான் வருகினம். ஒராள் மறுத்திருந்தாலும் அதைச் சாட்டிக் கடிதத்தை நிப்பாட்டியிருப்பன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயாவது வாயைத் திறப்பாய் எண்டு பாத்தனான்."