இடம் மாறாத ஜாடிகள்

வீட்டுக் காபி மூலையின் ஜாடிகளைக் கழுவி, வெயிலில் காயவைத்து, துணியால் துடைத்து அவள் மேல்தட்டில் அடுக்கி முடிப்பதற்குள் கணவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் குளிக்கக்கூட இல்லை. முழங்கால்களில் கைகளை ஊன்றி, கண்ணை மூடி, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி முகத்தை நீட்டினார்.

"ம், ஆரம்பி."

ஜாடிகளில் அவள் இன்னும் எதையும் நிரப்பவில்லை. புதுப் பொட்டலங்கள் சமையலறையில் பிரிக்காமல் கிடந்தன. கொஞ்சம் பொறுங்க என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு, அந்த முகத்தைப் பார்த்ததும் குறும்பு தலைதூக்கியது.

வெறும் ஜாடியை நீட்டினால் மனுஷன் எப்படிச் சீறுவார்! பார்த்துவிடலாமே.

அவர் மூக்கு அப்பேர்ப்பட்ட மூக்கு. காபி கம்பெனியில் டேஸ்டர் வேலை. அவர் முகர்ந்து, ருசித்து, தலையசைத்தால்தான் கொட்டை மூட்டை உள்ளே வரும். அங்கே எல்லோருக்கும் அவர் 'மூக்கு சார்'தான், முகத்துக்கு நேராகவே. வீட்டிலும் சும்மா இருக்கமாட்டார். கீழ்வீட்டில் பால் அடிப்பிடிப்பதை அந்த வீட்டுக்காரிக்கு முன்பே கண்டுபிடித்து, மாடியிலிருந்து குரல் கொடுப்பார்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இதற்கு மருந்து இல்லை என்றார் டாக்டர். தினமும் நாலு விதமான வாசனைகளை மனசு வைத்து முகர்ந்தால் திரும்பி வரலாம், சிலருக்கு வந்திருக்கிறது என்றார்.

வரலாம் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் காரியத்தில் இறங்கினாள். செருப்பு அலமாரி நின்ற மூலையைக் காலி செய்தாள். தையல் டேப்பால் சுவரை அளந்து, சாக்பீஸால் கோடு போட்டாள். தச்சர் மேல்தட்டை உயரத்தில் அடிக்கப் போனபோது தடுத்து, கணவரை ஸ்டூலில் உட்காரவைத்து, அவர் மூக்கு உயரத்துக்கு இறக்கச் சொன்னாள். தச்சர் வாய்க்குள் சிரித்துக்கொண்டார். கீழே காபி மெஷின், பக்கத்தில் கொட்டை அரைக்கும் மெஷின், கொக்கிகளில் கோப்பைகள், மேலே நாலு வாசனைகளுக்கு நாலு வெள்ளைப் பீங்கான் ஜாடிகள். வாரம் தவறாமல் அரைக்கும் மெஷினின் பல்லிடுக்கை பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்வாள். பால் நுரைக்கும் குழாயில் ஒரு பொட்டு ஆடை ஒட்டவிடமாட்டாள்.

கடை போடப் போறீங்களா என்று வந்தவர்கள் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

ஜாடி விஷயத்தில் மட்டும் அவர் கறார். பெயர் எழுதி ஒட்டக் கூடாது. ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று வரக் கூடாது. வந்தால் வாசனை கலந்துவிடுமாம். தொழில் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டாள்.

முதலில் ரொம்பவே தடுமாறினார். போகப்போக ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. நாலையும் சரியாகச் சொன்ன அன்று அவள் அழுதே விட்டாள். அவர்தான் கண்ணைத் துடைத்துவிட்டார். அந்தச் சந்தோஷம் தாங்காமல், அவரிடம் கேட்காமலே கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எது என்னவென்று தெரியாத கோப்பைகளை வரிசையாக வைப்பார்கள். சரியாகச் சொன்னால் பழைய நாற்காலி. இல்லாவிட்டால் அதில் வேறு ஆள்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல் ஜாடியைத் திறந்து அவர் மூக்கருகே பிடித்தாள்.

ஆழமாக இழுத்தார். புருவம் சுருங்கியது. இதோ, சீறப் போகிறார்.

"இளசா வறுத்தது."

அவள் ஜாடியைத் தன் பக்கம் சாய்த்தாள். காலிதான்.

இவரும் விளையாடுகிறாரோ என்று பார்த்தாள். விளையாடுகிற முகமாக இல்லை. நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

இரண்டாவதை நீட்டினாள். கருக வறுத்தது என்றார். மூன்றாவதைப் பச்சைக் கொட்டை என்றார். நாலாவதைத் திறக்கவே அவளுக்கு மனமில்லை. ஆனாலும் திறந்தாள்.

"சிக்கரி. இது தூக்கத்துலகூடத் தெரியும்."

வழக்கமான வரிசையில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஜாடியை மூடாமலே அதன் இடத்தில் வைத்தாள். போன வாரம் பால் தீய்ந்துபோன காபியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் பிரமாதம் என்றாரே. பெண்டாட்டி மனம் நோகக் கூடாதென்று குடித்தார் என்று கீழ்வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டாளே. பாவி, நானே போன் போட்டு இவரை மாட்டிவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

உண்மையைச் சொன்னால் இப்போதே நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால் நாளைக்கு அத்தனை பேர் முன்னால், அவரிடமே தொழில் கற்றுக்கொண்டவர்கள் முன்னால், தலைகுனிந்து நிற்பார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"எல்லாம் சரிங்க," என்றாள். வாய்தான் சொன்னது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நாலும் சரியென்றால் உடனே துள்ளி எழுந்து அவளுக்குக் காபி போடுவது வழக்கம். இன்று எழவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

"நாளைக்கு நீயும் கூட வாயேன்."

"அங்க எனக்கு என்னங்க வேலை?"

அவர் கை துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"போறப்ப நான் போயிடுவேன். திரும்பி வர்றப்பதான்... தனியா வர முடியும்னு தோணல."